பன்னிரண்டாவது கதவு

கெமராவைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் முதல் வேலையாக அதன் பொத்தான்களை எண்ணினேன். இருபத்து மூன்று. ஒரு கைக்குள் அடங்குகிற பொருளுக்கு இருபத்து மூன்று பொத்தான்கள். பொத்தான் கூடினால் பழுதாகும் இடமும் கூடும். அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை.

என் மனைவியின் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது அது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகள். சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துப் பாதை திறந்திருந்த காலம்.

"அத்தான், இது சாதாரண வீடியோ இல்லை. இதிலை ஒரு சுவிட்ச் இருக்கு. போட்டால் தியேட்டரிலை பாக்கிற படம் மாதிரி விழும். வைச்சுப் பழகிப் பாருங்கோ, பிடிச்சால் வைச்சிருங்கோ" என்றான்.

நான் மலைநாட்டில், பதுளையில் கணிதம் படிப்பித்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனத்துக்கு வந்து, ஊருக்கு மாற்றம் கேட்கிற போதெல்லாம் அங்கே ஏதாவது வெடித்து, கடைசியில் இங்கேயே ஓய்வு பெற்றேன். தொண்ணூறுகளிலேயே சனி ஞாயிறுகளில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்தேன். தோளில் ஏற்றி வைக்கிற பெரிய கெமரா அது. சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறக்கித் திறந்து காட்டிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். அதன் பாரத்தில் என் வலது தோள் இடது தோளை விடத் தாழ்ந்துவிட்டது என்று மனைவி சொல்வாள். கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான்.

புதிய கருவியை நான் ஒருபோதும் நேராகக் கல்யாணத்துக்குக் கொண்டுபோனதில்லை. தாலி ஒருமுறைதான் கட்டுவார்கள். கெமரா அப்போது சண்டித்தனம் செய்தால் மாப்பிள்ளையை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் அசையாத ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். கோடுகள் நேராக விழுகின்றனவா, வெள்ளை வெள்ளையாக நிற்கிறதா, பச்சை எப்படி வருகிறது. அதே இடத்தில் நின்று அதே காட்சியை வேறு வேறு வெளிச்சத்தில் மறுபடி மறுபடி எடுக்க வேண்டும். காட்சி மாறக்கூடாது. அப்போதுதான் மாறுவது கெமரா என்று தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் என் வீட்டுக்கு வந்தாள். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள். ஐம்பது வயது இருக்கலாம். புருஷன் காலமாகிவிட்டார். ஒரே மகள். மகளுக்கு ஐப்பசியில் கல்யாணம், மாப்பிள்ளை கொஸ்லந்தைப் பக்கம். அவர்களுடைய தோட்டத்தில் நான் எடுத்த ஒரு சடங்கு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"மாஸ்டர் எடுத்தா ஒரு ஆளு விடுபடாதாமே. சாப்பிட்ட எலையக்கூட எண்ணலாம்னு சொல்றாங்க."

"எண்ணியும் இருக்கிறேன்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கல்யாண வீட்டை முன்கூட்டிப் பார்த்துவிட்டு வருவது என் வழக்கம். எத்தனை மின்குமிழ், எங்கே வெயில் விழும், வாசலில் எத்தனை பேர் நிற்கலாம். அதோடு பரிசோதனையையும் முடித்துவிடலாம் என்று புதிய கெமராவைப் பையில் போட்டுக்கொண்டு பசறை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன்.

அவளுடைய லயம் மலைச்சரிவில் ஒரே வரிசையாக நின்றது. குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு நீலக் கதவு, ஒரே தகரக் கூரை. அவளுடையது கடைசி, தொங்கல் காம்பரா. லயத்துக்கு எதிரே, தண்ணீர் விழுகிற பீலிக்கு மேலே ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதில் ஏறினால் பன்னிரண்டு கதவும் ஒரே படத்துக்குள் விழுந்தன. பரிசோதனைக்கு இதைவிட நல்ல காட்சி பதுளை மாவட்டத்திலேயே கிடையாது என்று நினைத்தேன். நேர்கோடு, வெள்ளைச் சுவர், நீலம், பின்னால் தேயிலையின் பச்சை.

கெமரா ஸ்டாண்டின் மூன்று கால்களும் நின்ற இடத்தில் சிவப்புப் பெயின்ற் பொட்டு வைத்தேன். எப்போது வந்தாலும் அதே இடம். முதலில் சாதாரணமாக எடுத்தேன், பிறகு அந்தச் சினிமா சுவிட்சைப் போட்டு எடுத்தேன். குவியத்தை முதற் கதவின் நிலையில் பூட்டிவைத்தேன். இரண்டாம் முறை ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் ஒரு வாளியோடு வெளியே வந்தாள். தண்ணீரை வாசலில் வீசினாள். என்னைக் கண்டதும் கையை ஆட்டிக் கூவினாள்.

"என்னைய எடுக்காதீங்க மாஸ்டர்! பிலிம் கெட்டுப் போயிரும்!"

"இதில் பிலிம் இல்லை, கசெட்!"

"அப்ப கசெட்டு கெட்டுப் போயிரும்!"

பதினோராம் காம்பராக்காரி உள்ளேயிருந்து, "ஒன்னைய எடுத்தா கெமராவே வெடிச்சிரும்டி" என்றாள். பீலித் தண்ணீரின் சத்தத்துக்கு மேலால் அவர்கள் இரண்டு பேரும் சிரித்தது கேட்டது.

வீட்டுக்கு வந்து கசெட்டைத் தொலைக்காட்சியில் போட்டேன். பழைய கெமராவின் படத்தை நிறுத்தினால் நடுங்கும். இது கல்லுப்போல நின்றது. எண்ணெய்த்தாள் ஒன்றைத் தொலைக்காட்சிக் கண்ணாடியில் ஒட்டி, கூரை விளிம்பு, கதவு நிலைகள், தூண்கள் எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்தேன். கெமராவின் கண்ணாடிவில்லை சரியில்லாவிட்டால் ஓரத்துக் கோடுகள் வளையும். வளையவில்லை.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன விசரே? செய்தி பாக்கிற நேரத்திலை ரீவியிலை கடுதாசி ஒட்டிக்கொண்டு நிக்கிறியள்" என்றாள் மனைவி.

"பன்னிரண்டும் நேராக இருக்கு."

"உங்கடை மண்டையைத் தவிர எல்லாம் நேராத்தான் இருக்கு."

சில வாரங்களுக்குப் பிறகு, மேகம் மூடிய வெளிச்சத்தில் நிறம் எப்படி வருகிறது என்று பார்க்க மறுபடி போனேன். இடையில் ஆவணி மழை ஒன்று பெய்திருந்தது. அதே பாறை, அதே சிவப்புப் பொட்டு, அதே சட்டகம். அன்று அவள் மலையில் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். எடுத்துக்கொண்டு வந்து, பழைய எண்ணெய்த்தாளை அதே இடத்தில் ஒட்டினேன்.

பதினொரு கதவு கோட்டோடு கோடாகப் பொருந்தியது. பன்னிரண்டாவது பொருந்தவில்லை. கூரை விளிம்பு அந்த இடத்தில் இரண்டு பென்சில் கோட்டுத் தடிப்புக்குக் கீழே கிடந்தது. கதவு நிலை கொஞ்சம் வெளியே சாய்ந்திருந்தது.

கண்ணாடிவில்லையின் ஓரம் பிசகுகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. பன்னிரண்டாம் கதவு படத்தின் ஓரத்தில் நின்றது. குளிரிலும் ஈரத்திலும் சின்னக் கெமராவின் உறுப்புகள் விலகியிருக்கும். 'இருபத்து மூன்று பொத்தான், சொன்னேனா இல்லையா' என்று ஒரு விதமான திருப்தியும் வந்தது. மைத்துனனுக்குத் திருப்பிக் கொடுக்கக் காரணம் கிடைத்துவிட்டது. அதை உறுதிப்படுத்திக்கொள்ள மூன்றாம் முறை போனேன். இந்தத் தடவை கெமராவை ஒரு சாண் திருப்பி, பன்னிரண்டாம் கதவைப் படத்தின் நடுவில் வைத்தேன். நடுவிலும் அது சாய்ந்தே நின்றது.

பாறையிலிருந்து இறங்கிப் போய்ப் பார்த்தேன். லயத்தின் பின்பக்கம், தண்ணீர் ஓடுகிற கானுக்கும் சுவருக்கும் நடுவில் மண் பிளந்திருந்தது. பதினோராம் காம்பராவுக்கும் பன்னிரண்டாம் காம்பராவுக்கும் இடையில் சுவர் பிரிந்து இடைவெளி விட்டிருந்தது. அதில் ஒரு சாக்கைத் திணித்து வைத்திருந்தார்கள். சாக்கை இழுத்துவிட்டுக் கையை வைத்தேன். உள்ளங்கை முழுதாக நுழைந்தது. உள்ளே அவள் அரிசி கழுவுகிற சத்தம் கேட்டது.

கெமராவில் ஒரு பிழையும் இல்லை.

"அது காத்து வருதுன்னு அடைச்சேன் மாஸ்டர். ஏன் புடுங்குறீங்க?" என்று பின்னால் வந்து நின்றாள்.

அவளை உட்கார வைத்துச் சொன்னேன். கெமராவின் சின்னத் திரையில் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். மழைக்கு முன் இப்படி, மழைக்குப் பின் இப்படி. ஐப்பசி மழை இதைவிடப் பெரிது. மண் காம்பராவோடு சேர்ந்து இறங்கும். மழை தொடங்க முன்னம் இந்த இடத்தை விட்டு எழும்ப வேண்டும்.

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கங்க போறது?"

"பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். மகளோடு போகலாம்."

"காம்பராவ விட்டுட்டுப் போனா மறுநாளே ஒருத்தன் பூட்டு போட்டுருவான். அப்பறம் யாருகிட்ட கேக்குறது? பத்து வருசமா காம்பரா கேட்டுக்கிட்டு நிக்கிறவன் இருக்கான் இந்தத் தோட்டத்துல. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு எந்த வீட்டக் காட்டுவேன்? புள்ள எந்தப் படியிலயிருந்து எறங்குவா?" அரிசி கழுவின கையைச் சேலையில் துடைத்துவிட்டு, "மாஸ்டருக்கு எல்லாத்துக்கும் பயம். பஸ்ல வாறப்ப டயர எண்ணிட்டுத்தான் ஏறுவீங்கன்னு பேசிக்கிறாங்க" என்றாள்.

அது பொய். டயரைப் பூட்டுகிற ஆணிகளைத்தான் பார்ப்பேன்.

தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனேன். மரியாதையான மனிதர். கதிரை போட்டு, தேநீர் தந்து, கெமராவை வாங்கி இரண்டு படத்தையும் பார்த்தார். இந்தச் சின்னதில் இவ்வளவு தெளிவா என்று வியந்தார். தோட்டத்து லயங்களில் வெடிப்பில்லாத சுவர் எது என்று கேட்டார். ஆனாலும் கவனிப்பதாகச் சொன்னார். கவனிக்கவும் செய்தார். அடுத்த கிழமையே மேசன் வந்து பிளவுக்குள் கல்லும் சீமெந்தும் அடைத்துப் பூசினான். கல்யாணம் வருகிறது என்று கேள்விப்பட்டு, பன்னிரண்டு காம்பராவுக்கும் வெள்ளை அடிக்கவும் துரை உத்தரவு போட்டார்.

நான் திரும்பப் போனபோது லயம் புதுச் சட்டை போட்ட பிள்ளைகள் வரிசையில் நிற்பதுபோல் நின்றது. கோடு எங்கே, பிளவு எங்கே, ஒன்றும் தெரியவில்லை. சனங்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். மாஸ்டர் போய்ப் பேசினதால்தான் வெள்ளை அடித்தார்களாம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அடித்த வெள்ளையாம்.

"இனி பயமில்ல மாஸ்டர். சீமெந்து போட்டாச்சி" என்றாள் அவள்.

எனக்குத் தூக்கம் கெட்டது. முகூர்த்தம் ஐப்பசியில். லயத்து வாசலில் பந்தல் போட்டு இருநூறு பேர் கூடுவார்கள். அந்த மண்ணின் மேல் இருநூறு பேர். ஆள் ஒருவருக்கு இத்தனை இறாத்தல் பாரம் என்று பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன். மலையைச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தபின் வேறு வழி யோசித்தேன். மகளிடமும் மாப்பிள்ளையிடமும் கெமராவைச் சொன்னேன். இது சினிமாக் கெமரா. இதற்கு வெளிச்சம் கணக்காக இருக்க வேண்டும். தகரக் கூரை வெயிலைத் திருப்பி அடிக்கும், முகம் கறுத்துப்போகும். கோயில் மண்டபத்தில் வைத்தால் தியேட்டரில் பார்க்கிற மாதிரி வரும். லயத்து வாசலில் வைத்தால் நான் பொறுப்பில்லை.

சுத்தப் பொய். தகரக் கூரை வெயிலில் அந்தக் கெமரா அருமையாக எடுத்தது. பரிசோதித்திருந்தேனே.

மலை சாயும் என்றபோது அசையாத குடும்பம், முகம் கறுக்கும் என்றபோது அசைந்தது. மகள் ஒற்றைக் காலில் நின்றாள். தாய்க்கு மனமில்லை; ஆனாலும் வாசலிலிருந்து பெண்ணை இறக்கிக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என்று கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

"என் புருசன் சொல்லியும் கேக்காதவ நான். கெமரா சொல்லிக் கேக்க வச்சிட்டீங்க" என்றாள்.

கல்யாணத்தன்று ஒரு துளி மழை இல்லை. காலை முதல் பின்னேரம் வரை வானம் கழுவி வைத்ததுபோல் கிடந்தது. லயத்து வாசலில் ஒருவரும் இல்லை. சேவல் ஒன்று மட்டும் உலாவியது. கோயில் மண்டபத்தில் பந்தி நடக்கும்போது பதினோராம் காம்பராக்காரியின் புருஷன் கையில் சோற்றோடு எழுந்து நின்று கேட்டான்.

"மாஸ்டர், மலை எங்கங்க? இன்னும் வரலியே? பந்தி முடியப் போவுது!"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன் போலிருக்கிறது. கசெட்டில் படம் கொஞ்சம் குலுங்குகிறது.

தாயை நான் தேடித் தேடிப் பார்த்தேன். அவள் முன்னுக்கு வரவில்லை. தாலி கட்டுகிற இடத்தில் விதவை நிற்பதில்லை என்று அவளே தனக்குச் சட்டம் போட்டுக்கொண்டு, கோயிலின் பின்பக்கம் சமையற்கட்டில் இருந்தாள். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்தவர்கள் அவளுடைய அண்ணனும் அண்ணியும். நான் கெமராவோடு பின்பக்கம் போனபோது அகப்பையைத் தூக்கிக் காட்டி விரட்டினாள்.

"புள்ளைய எடுங்க மாஸ்டர். என் மூஞ்சி எதுக்கு? அவ பொழுதுக்கும் போட்டுப் பாக்குற கசெட்டு."

வற்புறுத்தவில்லை. வந்தவர்களில் ஒருவரைக்கூட நான் விடவில்லை. அன்றைய கசெட் மூன்றையும் ஓட்டிப் பார்த்து முகங்களை எண்ணியிருக்கிறேன். அவளுடையதாக இருப்பது ஒரு கை மட்டும். பின்கதவுக்கு அப்பாலிருந்து வெற்றிலைத் தட்டை நீட்டுகிற, கண்ணாடி வளையல் இல்லாத ஒரு கை.

கல்யாணத்துக்குப் பிறகு என் பேச்சு எடுபடவில்லை. மலை வராத கல்யாணம் என்று தோட்டத்தில் அதற்கொரு பெயரே விழுந்துவிட்டது. மகள் கொஸ்லந்தைக்குப் போய்விட்டாள். கசெட்டைத் தொகுத்து முடித்துக்கொண்டு நான் போனபோது கார்த்திகை. மழை விட்டு விட்டுப் பெய்தது. புது வெள்ளையில், மேசன் பூசின அதே இடத்தில், மேலிருந்து கீழாகத் தலைமயிர் போல ஒரு கோடு ஓடியிருந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மகள் வீட்டுக்குப் போங்கோ. கொஞ்ச நாளைக்குத்தானே."

"சம்பந்தி வீட்டுல போயி எத்தன நாளைக்கு உக்காந்திருக்கிறது மாஸ்டர்? கல்யாணம் முடிஞ்ச கையோட ஆத்தாவும் மூட்டையோட வந்துட்டான்னு புள்ளையத்தான் குத்திக் காட்டுவாங்க." பிறகு, நான் விடமாட்டேன் என்று கண்டு, "தைப் பொங்கலுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அப்ப போறேன். சரிதானா? மாஸ்டரு மூஞ்சியப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு" என்றாள்.

தேநீர் தந்தாள். கெமராவைக் கொண்டுபோகவில்லை அன்றைக்கு. மழை நனைத்துவிடும் என்று வீட்டில் பத்திரமாக வைத்திருந்தேன்.

பொங்கல் வருவதற்குள், ஒரு விடியற்காலை, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்னம் அது நடந்தது. மண் பன்னிரண்டாம் காம்பராவை மட்டும் பிய்த்துக்கொண்டு இறங்கியது. பதினோராம் காம்பராவின் அரைச் சுவர் போனது; அவர்கள் முன்பக்கம் படுத்திருந்தபடியால் பிழைத்தார்கள். மற்றப் பத்துக் கதவுக்கும் ஒன்றுமில்லை. அடுப்பு மூட்ட எழும்பியிருந்தாள் என்று சொன்னார்கள். அடுத்த நாள் மாலைதான் அவளை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள். நான் பார்க்கப் போனேன். பாறைக்கு ஏறவில்லை. கீழே நின்று பார்த்தபோதும் கண் தன்பாட்டில் எண்ணியது: பதினொன்று வரை போய் நின்றது.

மூன்று மாதம் போயிருக்கும், மகள் பதுளைக்கு வந்தாள். புருஷன் வாசல் கேற்றடியிலேயே நின்றுகொண்டான். அவள் உள்ளே வந்து கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். அம்மாவின் படம் ஒன்றும் இல்லை, எல்லாம் மண்ணோடு போய்விட்டது, அடையாள அட்டையும் போய்விட்டது என்றாள். கல்யாணக் கசெட்டை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்தாளாம்.

"எல்லாரும் இருக்காங்க மாஸ்டர். எங்கம்மா இல்ல."

அவளுக்குக் காட்ட என்னிடம் பரிசோதனைக் கசெட் இருந்தது. தொலைக்காட்சிக் கண்ணாடியில் எண்ணெய்த்தாளின் பசை இன்னும் நாலு மூலையிலும் ஒட்டியிருந்தது. கசெட்டைப் போட்டேன். பன்னிரண்டு நீலக் கதவு. அசையாத லயம். பீலித் தண்ணீரின் சத்தம். பிறகு படத்தின் ஓரத்தில் கடைசிக் கதவு திறந்து ஒரு சிறிய உருவம் வெளியே வந்தது. தண்ணீரை வீசியது. நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டியது. அந்தச் சினிமா சுவிட்சில் ஆடுகிற கை இழுபட்டுத் தேய்ந்து தெரிந்தது. குவியம் முதற் கதவில் பூட்டியிருந்தபடியால் சுவரின் பூச்சுக்கூட அந்தப் பக்கம் தெளிவாக இருந்தது. இந்தப் பக்கம் அவள் முகம் ஒரு மாநிறப் பொட்டு.

மனைவி வந்து அந்தப் பிள்ளையின் தோளில் கை வைத்தபடி நின்றாள்.

"என்னமோ சொல்லுது அம்மா" என்றாள் மகள்.

என்ன சொன்னாள் என்று சொன்னேன். பதினோராம் காம்பராக்காரி சொன்னதையும் சொன்னேன். மகளின் முகம் சிரிக்கப் போனதுபோல ஒருமுறை இழுபட்டு அப்படியே நின்றது.

"கிட்டத்துல கொண்டுவர முடியாதா?"

படத்தை நிறுத்தினேன். கல்லுப்போல நின்றது. பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்க அது சதுரம் சதுரமாக உடைந்தது. பழைய அளவுக்கே கொண்டுவந்து விட்டேன். அவள் எழுந்து கிட்டப் போய், திரைக்கு முன்னால் குந்தினாள். விரலை அந்தப் பொட்டின் மேல் வைக்காமல், பக்கத்தில், கதவின் மேல் வைத்தாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அவ்வளவு தூரத்துல ஏன் மாஸ்டர் நின்னீங்க?"

"பன்னிரண்டு கதவும் ஒரே படத்துக்குள் வர வேண்டியிருந்தது" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, முதலிலிருந்து போடச் சொன்னாள்.